அப்பாவோட மறதி மாத்திரை: மூக்கு ஒழுகுது, ஒண்ணுக்கு அடக்க முடியல, இப்ப குழப்பமும் கூடிடுச்சு. நிறுத்திடலாமா?

நடுப்பிள்ளை

எல்லாருக்கும் வணக்கம். இவ்வளவு நாளா படிச்சிட்டு மட்டும் போயிட்டு இருந்தேன், இப்ப எழுதற நிலைமை வந்துடுச்சு. கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

அப்பாக்கு வயசு 76. போன வருஷம் அல்சைமர்னு சொன்னாங்க. சும்மா சொல்லல, ஸ்கேன், பி12, தைராய்டு, மனச்சோர்வு இருக்கான்னு எல்லாம் பாத்துட்டு தான் சொன்னாங்க. டோனெபெசில்னு மறதி மாத்திரை, 5 எம்ஜி, ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. ஒண்ணரை மாசம் கழிச்சு 10 ஆக்கினாங்க. ஆரம்பத்துல வயித்த பொரட்டுச்சு, அப்புறம் அடங்கிடுச்சு. அற்புதம் எல்லாம் நடக்கல, ஆனா ஒரே கேள்விய பத்து தடவ கேக்கறது நாலு தடவ ஆச்சு, எங்களுக்கு அதுவே பெருசு.

10 ஆக்கின பிறகு மூக்குல இருந்து தண்ணி மாதிரி ஒழுகிட்டே இருந்துச்சு. சளியும் இல்ல காய்ச்சலும் இல்ல. பக்கத்துல ஒரு டாக்டர் அலர்ஜின்னு மாத்திரை குடுத்தாரு. அடுத்து ஒண்ணுக்கு வந்தா பாத்ரூம் போய் சேர்றதுக்குள்ள வேட்டி நனைஞ்சுடுது, மனுஷன் கூனி குறுகி போறாரு. யூரின் டாக்டர் கிட்ட கூட்டிட்டு போனோம், ப்ராஸ்டேட் பெருசா ஒண்ணும் இல்லன்னு ஆக்சிபியூட்டினின் எழுதினாரு. இந்த ரெண்டும் ஆரம்பிச்சு மூணு வாரம் ஆச்சு.

இப்ப பகல் பூரா தூங்கி தூங்கி விழறாரு. சாயங்காலம் ஆனா மூலைல யாரோ நிக்கறான்னு சொல்றாரு. வாய் காஞ்சு நாக்கு ஒட்டிக்குது, மோஷனும் சரியா போகல. அண்ணன் சொல்றான் வியாதி முத்திடுச்சு ஏத்துக்கோன்னு. அக்கா சொல்றா எல்லாம் அந்த மறதி மாத்திரையால, தூக்கி எறின்னு. நான் பேருக்கு ஏத்த மாதிரி நடுவுல மாட்டிட்டு இருக்கேன். டாக்டர் அப்பாயின்ட்மென்ட் இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு. இன்னைக்கு ராத்திரி மாத்திரைய நிறுத்திடலாமா?

சும்மா_வந்தவன்

நிறுத்துங்க பாஸ். இந்த மாத்திரை எதுவும் வியாதிய குணமாக்காது, அவங்களே ஒத்துக்கறாங்க. எங்க பெரியப்பாக்கு ரெண்டு வருஷம் குடுத்தோம், கடைசில எல்லாரையும் மறந்துட்டு தான் போனாரு.

ராத்திரி டூட்டி

@நடுப்பிள்ளை நான் நர்ஸ், முதியோர் வார்டுல பல வருஷம். நிறுத்தலாமா வேணாமான்னு போறதுக்கு முன்னாடி சில கேள்வி.

அந்த அலர்ஜி மாத்திரை பேர் என்ன? பிரஷர், இதயம், வலி, தூக்கம் இதுக்கு வேற என்னென்ன எடுக்கறாரு, கடைல நேரா வாங்கினது உட்பட? பல்ஸ் எவ்வளவு? தலை சுத்துது, கண்ணு இருட்டுதுன்னு சொன்னாரா? வாந்தி உண்டா, எடை இறங்கிச்சா? யூரின்ல இன்ஃபெக்‌ஷன் இருக்கான்னு டெஸ்ட் பண்ணாங்களா? வயசானவங்களுக்கு திடீர்னு குழப்பம் வந்தா அதுவும் ஒரு காரணம்.

அப்புறம் ஒரு வேலை பண்ணுங்க, லூசுத்தனமா தோணும், ஆனாலும் பண்ணுங்க. டோனெபெசில் அட்டைய எடுத்து மிச்சம் எத்தன இருக்குன்னு எண்ணுங்க. பில்லு தேதியோட ஒப்பிட்டு பாருங்க. மறதி இருக்கற வீட்ல முதல்ல நான் எண்ண சொல்றது அட்டைய தான்.

மாத்திரைப்பெட்டி

மருந்தாளுநரா வேலை பாத்து ரிட்டயர் ஆனவன். இந்த கதைய படிச்சதும் அப்படியே தூக்கி வாரி போட்டுச்சு, ஏன்னா இத நான் கவுன்டர்ல நின்னு எத்தனையோ தடவ பாத்திருக்கேன்.

மூளைல அசெட்டைல்கோலின்னு ஒரு சமாச்சாரம் இருக்கு, ஞாபகத்துக்கு அது வேணும், அல்சைமர்ல அது குறைஞ்சுடுது. அத உடைக்கற ஒரு நொதி இருக்கு. டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், கேலன்டமின் மூணும் பண்றது ஒண்ணு தான், அந்த நொதிய தடுத்து இருக்கற அசெட்டைல்கோலின கொஞ்ச நேரம் கூடுதலா தேக்கி வைக்கும். தொட்டில ஓட்டைய அடைக்கற மாதிரி. ஆனா இந்த சமாச்சாரம் மூளைல மட்டும் இல்ல. வயித்துல, மூக்குல, மூத்திரப்பைல, இதயத்துல எல்லா எடத்துலயும் வேலை செய்யுது. அதனால தான் குமட்டல், பேதி, மூக்கு ஒழுகல், ஒண்ணுக்கு அவசரம், பல்ஸ் குறையறது, தசைப்பிடிப்பு எல்லாம். பலபேருக்கு ஒண்ணும் இருக்காது, சிலருக்கு அளவு கூட்டும்போது வரும், உங்கப்பாக்கு வந்த மாதிரி.

இப்ப ஆக்சிபியூட்டினின் என்ன பண்ணுது? அதே அசெட்டைல்கோலின் போய் உக்கார்ற எடத்த மறிச்சுக்குது. அதாவது ஒரு மாத்திரை தொட்டில தண்ணி தேக்குது, இன்னொரு மாத்திரை குடிக்க வர்றவன் வாய பொத்துது. ரெண்டையும் ஒரே மனுஷனுக்கு ஒரே நாள்ல குடுக்கறோம்! பழைய அலர்ஜி மாத்திரைகள், குளோர்பெனிரமின், டைபென்ஹைட்ரமின் மாதிரி தூக்கம் வர்ற ரகம், அதுவும் இதே வாய பொத்தற கோஷ்டி தான். வாய் காயறது, மலச்சிக்கல், பகல்ல தூக்கம், இல்லாத ஆள் தெரியறது, நீங்க எழுதின லிஸ்ட் அப்படியே அதோட பக்க விளைவு லிஸ்ட். வியாதி மூணு வாரத்துல இப்படி குதிக்காது. அல்சைமர் மெதுவா தான் இறங்கும், திடீர்னு சரிஞ்சா வேற காரணம் தேடணும், அது இன்ஃபெக்‌ஷனாவும் இருக்கலாம் மருந்தாவும் இருக்கலாம்.

இதுக்கு ஒரு பேரே இருக்கு, மருந்து சங்கிலின்னு வச்சுக்கோங்க. ஒரு மருந்தோட பக்க விளைவ புது வியாதின்னு நினைச்சு அதுக்கு இன்னொரு மருந்து, அதோட பக்க விளைவுக்கு மூணாவது. மறதி மாத்திரை எடுக்கறவங்களுக்கு ஆக்சிபியூட்டினின் மாதிரி ஒண்ணுக்கு அடக்கற மாத்திரை எழுதறது மத்தவங்கள விட அதிகமா இருக்குன்னு 2005லயே கனடால ஆய்வு வந்துச்சு. யார் மேலயும் தப்பு சொல்லல, மூக்கு டாக்டர் மூக்க பாத்தாரு, யூரின் டாக்டர் யூரின பாத்தாரு, மொத்த சீட்டையும் ஒரே மேஜைல விரிச்சு பாக்க யாரும் இல்ல. அந்த மேஜை உங்க வீட்டு மேஜையா தான் இருக்கணும்.

இன்னைக்கு ராத்திரி நீங்களா எதையும் நிறுத்தாதீங்க. ஆனா பன்னெண்டு நாள் காத்திருக்கவும் வேணாம். நாளைக்கு காலைல மறதி டாக்டர் ஆபீஸுக்கு போன் போட்டு, “டோனெபெசில் எடுக்கறவருக்கு ஆக்சிபியூட்டினினும் அலர்ஜி மாத்திரையும் சேர்ந்துடுச்சு, மூணு வாரத்துல குழப்பம் கூடிடுச்சு, இல்லாத ஆள் தெரியறாங்க”ன்னு இதே வார்த்தைல சொல்லுங்க. கேட்டதும் அவங்களே முன்னாடி வர சொல்வாங்க.

சும்மா_வந்தவன்

சரி சார், ஆனா நான் சொன்னதுல என்ன தப்பு? குணமாக்காது தானே?

மாத்திரைப்பெட்டி

குணமாக்காது, கரெக்ட். வியாதிய நிறுத்தவும் செய்யாது. சிலருக்கு கொஞ்சம் நாள் கொஞ்சம் தெளிவு, தானா சட்டை போட்டுக்கறது, பேச்ச தொடர்றது, அவ்வளவு தான். சிலருக்கு அதுவும் இல்ல. அதனால தான் சில மாசத்துக்கு ஒரு தடவ பலன் இருக்கா தொந்தரவு இருக்கான்னு எடை போட்டு பாக்கணும், வருஷக்கணக்கா கண்ண மூடிட்டு சீட்ட மட்டும் புதுப்பிக்கக்கூடாது.

ஆனா “பலன் கம்மி”ங்கறதும் “இன்னைக்கே நிறுத்து”ங்கறதும் வேற வேற. 2012ல இங்கிலாந்துல 295 பேர வச்சு ஒரு ஆய்வு வந்துச்சு, எல்லாரும் நடுத்தரத்துல இருந்து கடுமையான அல்சைமர், ஏற்கனவே டோனெபெசில் எடுத்துட்டு இருந்தவங்க. தொடர்ந்து எடுத்தவங்க நிறுத்தினவங்கள விட ஞாபக பரீட்சையிலயும் அன்றாட வேலையிலயும் கொஞ்சம் மேல இருந்தாங்க. பெரிய வித்தியாசம்னு சொல்ல மாட்டேன், ஆனா நிறுத்தினா சிலர் சடார்னு இறங்குறாங்கங்கறது உண்மை. நிறுத்தணும்னா டாக்டர் படிப்படியா குறைச்சு, நடுவுல மோசமானா திரும்ப ஆரம்பிக்கலாமான்னு பாத்து பண்ணுவாங்க.

உங்க பெரியப்பா விஷயம் கஷ்டமா தான் இருக்கு. அந்த ரெண்டு வருஷம் மாத்திரை இல்லன்னா எப்படி போயிருக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது.

கொடிமுல்லை

நர்ஸ் அக்கா பல்ஸ் கேட்டாங்களே, அத யாரும் சாதாரணமா விட்டுடாதீங்க. என் அம்மா கதை சொல்றேன்.

அம்மா பிரஷருக்கு பல வருஷமா அட்டெனலால் எடுக்கறாங்க. டோனெபெசில் எழுதின எடத்துல நாங்க அந்த அட்டெனலால் சீட்ட காட்டவே இல்ல, அவங்களும் கேக்கல, நாங்களும் அது பழைய மாத்திரை தானேன்னு விட்டுட்டோம். அளவு 10 ஆகி ஒரு மாசத்துல பாத்ரூம் வாசல்ல அப்படியே சரிஞ்சு விழுந்தாங்க. ஒரு நிமிஷத்துல முழிச்சுட்டாங்க, ஒண்ணுமில்லன்னு எழுந்து நடந்தாங்க. நாங்க வழுக்கி விழுந்துட்டாங்கன்னே நினைச்சோம்! மறுபடி ஒரு வாரத்துல நாற்காலில உக்காந்திருக்கும்போதே தலை தொங்கிடுச்சு. எமர்ஜென்சில பல்ஸ் 41. ஈசிஜி எடுத்துட்டு அந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி “மறதிக்கு ஏதாவது எடுக்கறாங்களா”.

ரெண்டுமே பல்ஸ குறைக்கற மருந்து, சேர்ந்து இழுத்துடுச்சு. பிரஷர் மாத்திரைய வேற ரகமா மாத்தி, டோனெபெசில கொஞ்ச நாள் நிறுத்தி, அப்புறம் 5ல மறுபடி ஆரம்பிச்சாங்க. இப்ப வாரத்துக்கு ரெண்டு தடவ நானே மணிக்கட்டுல விரல் வச்சு முழு நிமிஷம் எண்ணுவேன், அம்மா அத பாத்து டாக்டரம்மான்னு கிண்டல் பண்ணுவாங்க. 50க்கு கீழ போனா அன்னைக்கே போன் பண்ணணும்னு சொல்லியிருக்காங்க. மயக்கம் வந்தா எத்தன மணியா இருந்தாலும் நேரா ஆஸ்பத்திரி.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஒரு ஈசிஜி எடுத்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காதோன்னு இன்னைக்கும் தோணும்.

ராத்திரி டூட்டி

கொடிமுல்லை சொன்னது பொன்னு. விழுந்தா உடனே “வயசாச்சு வழுக்கிடுச்சு”ன்னு முடிச்சுடறோம். அட்டெனலால், மெட்டோப்ரோலால், சில இதயத்துடிப்பு மருந்துகள், இதுல ஏதாவது இருந்தா டாக்டர் கிட்ட தனியா அழுத்தி சொல்லணும். அதே மாதிரி ஆஸ்துமா, வயித்துப்புண், வலிப்பு, யூரின் அடைப்பு, இதெல்லாம் முன்னாடி இருந்திருந்தா சொல்லணும்.

இன்னொண்ணு, வயித்துப்புண்ணுன்னு சொன்னேன்ல. இந்த மாத்திரை வயித்துல அமிலத்த கூட்டும். முட்டி வலிக்குன்னு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக்னு கடைல வாங்கி போடற பழக்கம் இருந்தா ரத்தக்கசிவு வரைக்கும் போகலாம். மலம் கருப்பா தார் மாதிரி போனா ஒரு நாள் கூட காத்திருக்க கூடாது.

நடுப்பிள்ளை

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. காலைல போன் போட்டேன், மாத்திரைப்பெட்டி சார் சொன்ன வாக்கியத்த அப்படியே பேப்பர்ல எழுதி வச்சு படிச்சேன், நாளைக்கே வர சொல்லிட்டாங்க. அலர்ஜி மாத்திரை பேர் பாத்தேன், குளோர்பெனிரமின் தான். யூரின் டெஸ்ட் பண்ணாங்க, இன்ஃபெக்‌ஷன் இல்ல. முட்டிக்கு டைக்ளோஃபெனாக் அலமாரில பாதி அட்டை இருந்துச்சு, அப்பா எப்ப வாங்கினாருன்னு யாருக்கும் தெரியல. மலம் கருப்பா எல்லாம் இல்ல, பாத்துட்டேன்.

இப்ப அந்த அட்டை எண்ற விஷயம். கை நடுங்கிட்டு எழுதறேன். முப்பது மாத்திரை வாங்கி பத்தொன்பது நாள். மிச்சம் பதினொண்ணு இருக்கணும். இருந்தது ஆறு.

அஞ்சு மாத்திரை எங்க? அப்பாவே எடுத்து போட்டுக்கறாரான்னு முதல்ல நினைச்சேன். இல்ல. ராத்திரி எட்டரைக்கு நான் குடுத்துடுவேன். சனி, ஞாயிறு அண்ணன் வந்து தங்குவான். அவன் கிட்ட அப்பா “இன்னைக்கு மாத்திரை யாரும் குடுக்கல”ன்னு சொல்லியிருக்காரு, அவன் பாவம் ஒண்ணு எடுத்து குடுத்திருக்கான். நான் வேலை முடிஞ்சு தூங்கிட்டதா நினைச்சு எழுப்பல. மூணு வாரக்கடைசில அஞ்சு தடவ. கேட்டதும் அவன் முகம் போன போக்கு பாக்கணும். வியாதி முத்திடுச்சுன்னு சொன்னவனே அவன் தான். நான் ஒண்ணும் பேசல.

மாத்திரைப்பெட்டி

அண்ணன திட்டாதீங்க. அப்பா பொய் சொல்லல, அவருக்கு நிஜமாவே குடுத்த ஞாபகம் இல்ல. ஞாபகம் போன ஒருத்தர் கிட்ட “மாத்திரை போட்டாச்சா”ன்னு கேட்டு அதுக்கு ஏத்த மாதிரி குடுக்கறது தான் கோளாறு.

நாளைக்கு டாக்டர் கிட்ட இத கண்டிப்பா சொல்லுங்க, வெக்கப்படாதீங்க. டோனெபெசில் உடம்புல பாதியா குறையறதுக்கே சுமார் 70 மணி நேரம் ஆகும். அதாவது சனிக்கிழமை போட்ட கூடுதல் மாத்திரை செவ்வாய் வரைக்கும் பாதி இருக்கும், அதுக்குள்ள ஞாயிறு ஒண்ணு ஏறிடுச்சு. ஒண்ணு ரெண்டு தடவ தவறிப்போனா பெரும்பாலும் தாங்கிக்கும், ஆனா ஒரே நேரத்துல நிறைய முழுங்கினா, இல்ல வாந்தி, எச்சில் வழியறது, கொட்டற வேர்வை, பல்ஸ் விழறது, மூச்சு திணறல்னு வந்தா, அது எமர்ஜென்சி. அட்டைய கையோட எடுத்துட்டு ஓடணும், முறிவு மருந்து இருக்கு.

நேர் எதிர்க்கதையும் சொல்லிடறேன். ஒரு நாள் மறந்து போச்சுன்னா மறுநாள் ரெண்டு போட கூடாது. விட்டது விட்டதாவே இருக்கட்டும், அடுத்த வேளை வழக்கம் போல ஒண்ணு. பல நாள் விட்டுப்போச்சுன்னா, உதாரணத்துக்கு ஆஸ்பத்திரில படுத்து ஒரு வாரம் நின்னு போச்சு, நேரா பழைய 10ல ஆரம்பிக்காம டாக்டர கேக்கணும். ரிவாஸ்டிக்மின்ல இது இன்னும் கறார், மூணு நாளுக்கு மேல விட்டா மறுபடி கீழ் அளவுல இருந்து தான் ஏறணும், இல்லன்னா கடுமையா வாந்தி வரும்.

மூணாவது மாடி

ரிவாஸ்டிக்மின்னு சொன்னதும் எனக்கு வயித்த கலக்குது. மாமியாருக்கு மாத்திரை ஒத்துக்கலன்னு தோல்ல ஒட்டற பேட்ச் குடுத்தாங்க. 4.6ல ஆரம்பிச்சு ஒரு மாசம் கழிச்சு 9.5. தினம் ஒண்ணு. பாத்துக்க ரெண்டு பேர், காலைல நான், நான் ஊருக்கு போனா என் நாத்தனார். நாத்தனார் முதுகுல புதுசு ஒட்டினாங்க, பழசு மேல் கைல இருந்தத எடுக்கல, சட்டை மூடியிருந்துச்சு. மறுநாள் நான் வந்து நெஞ்சுல ஒண்ணு ஒட்டினேன், முதுகுல இருக்கறது எனக்கு தெரியாது. மூணு பேட்ச்! மதியத்துக்குள்ள வாந்தி, கை கால் வேர்த்து கொட்டுது, கூப்பிட்டா கண்ணு திறக்கல. ஆஸ்பத்திரில சட்டைய கழட்டின நர்ஸ் தான் ஒவ்வொண்ணா உரிச்சு எடுத்தாங்க. ரெண்டு நாள் வச்சிருந்து அனுப்பினாங்க. பழச எடுக்காம புதுச ஒட்டி உயிர் போன சம்பவங்களே நடந்திருக்குன்னு அப்ப தான் சொன்னாங்க, பேட்ச் குடுத்த அன்னைக்கு யாரும் சொல்லல.

அதுக்கப்புறம் எங்க வீட்டு சட்டம்: பழைய பேட்ச் கைக்கு வந்த பிறகு தான் புது கவர கிழிக்கணும். புதுசுல பேனால தேதி எழுதிட்டு ஒட்டணும். ஒட்டின எடத்த காலண்டர்ல குறிக்கணும், ஏன்னா அதே எடத்துல பதினாலு நாளைக்கு ஒட்ட கூடாது, தோல் புண்ணாயிடும். பழச ஒட்டற பக்கம் உள்ள வர மாதிரி மடிச்சு போடணும், அதுல இன்னும் மருந்து மிச்சம் இருக்கும், குழந்தை எடுத்து ஒட்டிக்கிட்டா போச்சு. கை கழுவாம கண்ண தொட கூடாது. குளிக்கலாம், ஆனா ஹீட்டிங் பேட் எல்லாம் பக்கத்துல வேணாம், சூட்டுல மருந்து வேகமா இறங்கும். கத்தரிக்கோலால பாதியா வெட்டி ஒட்டவும் கூடாது (யாரோ பண்ணாங்களாம், எங்க நாத்தனார் இல்ல, சத்தியமா).

கேள்விக்குறி

நடுவுல வரதுக்கு சாரி. எனக்கு 31 வயசு. பரீட்சைக்கு படிக்கறேன், எதுவும் மண்டைல நிக்கல. இந்த டோனெபெசில் நான் எடுத்தா ஞாபகம் கூடுமா? ஒரு வீடியோல சொன்னாங்க.

ராத்திரி டூட்டி

வேணாம் தம்பி. அல்சைமர் மாதிரி வியாதில குறைஞ்சு போனத கொஞ்சம் ஈடு கட்ட குடுக்கறது இது. குறையே இல்லாத மூளைக்கு போட்டா உங்களுக்கு மிச்சம் வாந்தியும் கெட்ட கனவும் பல்ஸ் குறையறதும் தான். தூக்கம், மனக்கவலை, இத முதல்ல பாருங்க. ரெண்டு மூணு மாசமா அப்படியே இருந்தா டாக்டர் கிட்ட போய் தைராய்டு, பி12 பாருங்க. வீடியோவ மூடுங்க.

அஞ்சாம் நம்பர்

கனவு பத்தி சொன்னீங்களே, என் சித்தப்பா ராத்திரி ராத்திரி அலறிட்டு எழுந்திருக்கறாரு, டோனெபெசில் ஆரம்பிச்ச பிறகு தான். அதுக்கு தூக்க மாத்திரை கேக்கலாமா? அப்புறம் அவருக்கு மெமன்டைனும் சேத்திருக்காங்க. இருமலுக்கு கடைல சிரப் வாங்கலாமா? அடுத்த மாசம் ஹெர்னியா ஆபரேஷன் வேற இருக்கு.

மாத்திரைப்பெட்டி

பாத்தீங்களா, தூக்க மாத்திரை! சங்கிலியோட அடுத்த கண்ணி. டாக்டர கேட்டு டோனெபெசில காலைல மாத்தி பாருங்க, பலபேருக்கு கனவு அதோட அடங்கிடும்.

மெமன்டைனும் மறதிக்கு தான், ஆனா வேற ரகம், அது மூளைல குளுட்டமேட்னு இருக்கற இன்னொரு சமாச்சாரத்து பக்கம் வேலை செய்யறது. 5ல ஆரம்பிச்சு வாரத்துக்கு 5 ஏத்தி 20 வரைக்கும் போவாங்க. அது கிட்னி வழியா வெளிய போறதால கிரியாட்டினின்னு கிட்னிக்கான ரத்த டெஸ்ட் பாக்கணும், கிட்னி ரொம்ப பலவீனமா இருந்தா அளவ பாதியாக்குவாங்க. அசிடிட்டிக்கு சோடா உப்பு கலந்த பவுடர அடிக்கடி குடிச்சாலும் மருந்து வெளிய போகாம உடம்புல தேங்கும். இருமல் சிரப்ல டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் இருந்தா மெமன்டைனோட சேர கூடாது, அட்டைப்பெட்டிய திருப்பி பொடி எழுத்த படிங்க, புரியலன்னா கவுன்டர்ல கேளுங்க, கேக்கறது உங்க உரிமை.

ஆபரேஷன் தான் முக்கியம். மயக்க டாக்டர் கிட்ட டோனெபெசில்னு பேர் சொல்லணும். மயக்கத்துல தசைய தளர்த்த போடற சில ஊசி இதோட சேர்ந்தா நினைச்சத விட நேரம் நீளும். நிறுத்தணுமா தொடரணுமாங்கறது அவர் முடிவு. நீங்களா முந்தின நாள் நிறுத்திட்டு போகாதீங்க, சொல்லாமலும் போகாதீங்க.

சும்மா_வந்தவன்

ஜிங்கோ மூலிகை மாத்திரையாவது பாதுகாப்பா? அதுல பக்க விளைவே இல்லன்னு போட்டிருக்கான்.

மாத்திரைப்பெட்டி

போட்டிருப்பான். மூவாயிரம் பேருக்கு மேல வருஷக்கணக்கா குடுத்து பாத்த அமெரிக்க ஆய்வு 2008ல வந்துச்சு, மறதி நோய அது தடுக்கல. ஆஸ்பிரின், வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கறவங்களுக்கு ரத்தக்கசிவு பயமும் இருக்கு. மூலிகையும் சீட்டுல எழுத வேண்டிய மருந்து தான்.

நடுப்பிள்ளை

நாலு வாரம் கழிச்சு வரேன். கேட்டவங்க எல்லாருக்கும் சேத்து ஒரே பதிலா எழுதிடறேன்.

டாக்டர் கிட்ட எல்லா அட்டையையும் ஒரு பைல போட்டு எடுத்துட்டு போய் மேஜைல கொட்டினேன். அவங்க ஒண்ணொண்ணா பிரிச்சு வச்சாங்க. ஈசிஜி எடுத்தாங்க, பல்ஸ் 54. குளோர்பெனிரமின் நிறுத்தம். ஆக்சிபியூட்டினின் யூரின் டாக்டர் கிட்டயே போன்ல பேசி நிறுத்திட்டாங்க, தேவைப்பட்டா மிராபெக்ரான்னு மூளைய தொந்தரவு பண்ணாத ரகம் ஒண்ணு இருக்காம், இப்போதைக்கு அதுவும் வேணாம்னுட்டாங்க. டோனெபெசில் ரெண்டு நாள் விட்டுட்டு மறுபடி 5. டைக்ளோஃபெனாக் குப்பைக்கு போச்சு.

மூலைல நின்ன ஆள் ஒன்பதாவது நாளோட காணாம போயிட்டாரு. அப்பா பகல்ல முழிச்சிருக்காரு. மூக்கு ஒழுகறது அளவு குறைச்சதும் நின்னுடுச்சு. ஒண்ணுக்கு மட்டும் இன்னும் முழுசா சரியாகல, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ நாங்களே கூட்டிட்டு போறோம், நனையறது குறைஞ்சிருக்கு. ஒரே கேள்வி கேக்கறது மறுபடி ஆறு தடவ ஆயிடுச்சு. 10லயே இருந்திருந்தா நாலு தான். ஆனா அந்த சாயங்கால பயம் இல்லாத ஆறு எனக்கு போதும், டாக்டரும் அதையே தான் சொன்னாங்க, மூணு மாசம் கழிச்சு மறுபடி பாக்கலாம்னு.

மாத்திரை எல்லாம் இப்ப பூட்டு போட்ட டப்பால. பக்கத்துல ஒரு நோட்டு. யார் குடுத்தாலும் தேதி, மணி, பேர் எழுதணும், அப்பாவும் கையெழுத்து போடணும், அது அண்ணன் யோசனை. அப்பா முன்னாள் கிளார்க் இல்லையா, கையெழுத்துன்னா மனுஷனுக்கு ஒரு மிடுக்கு வந்துடுது. போன சனிக்கிழமை அண்ணன் கிட்ட வழக்கம் போல “எனக்கு யாரும் மாத்திரை குடுக்கல”ன்னு ஆரம்பிச்சாரு. அவன் நோட்ட திறந்து காட்டினான். தன் கையெழுத்த கொஞ்ச நேரம் உத்து பாத்துட்டு, “என்னுது தான்”னு சொல்லிட்டு படுக்க போயிட்டாரு.